கல்வெட்டில் ஏறிய ஜெனரல்

என் அன்பான இஞ்சருங்கோ,

இருபத்தாறு வருசமாக உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். இப்போதும் அடுப்படியில் நின்று கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. மேசையில் உங்கள் ஜெனரல் மட்டும் இருக்கிறார், நீங்கள் எழுதி நிரப்பிய ஒன்பது கொப்பிகளாக.

இங்கே புக்கெகோஹி ஊரில் நாள் முழுக்க வெங்காயம் பொதி செய்துவிட்டு வந்து, கை கழுவிய ஈரத்தோடு அந்த வெள்ளைக்கார ஜெனரலிடம் உட்கார்ந்துவிடுவீர்கள். எங்கெங்கோ போரில் படை நடத்தி, பிறகு கவர்னராகக் கப்பலேறி வந்து எங்கள் தீவை ஆண்டவன்.

"எங்களை ஆண்டவன்ர கதையை எங்கட ஆள் ஒருத்தனாவது தமிழில எழுத வேணுமப்பா."

"ஓம் ஓம், அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"ஊத்தும். சீனி போடாதையும், மனுசனுக்குப் பல்லுவலி."

அந்தப் பல்லைக்கூட எனக்குத் தெரியும். உங்களைப் பற்றி என்ன தெரியும்?

நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் படமும் வாழ்க்கையும் போட்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகமாகக் கல்வெட்டு அடிக்க வேண்டுமே. "அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதின பேப்பர் இருக்கா?" என்று மகள் தர்சி கேட்டாள். 'வாழ்க்கை வரலாறு, சுருக்கம்' என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதிய கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கூட்டெழுத்து நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு எங்கே ஓடும்? அவளுக்கோ தமிழே வாசிக்கத் தெரியாது. போனில் படமெடுத்து யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு அனுப்பினாள். அதில் பெயர் எங்கும் இல்லை, 'அவர்' 'அவர்' என்றுதான் இருந்ததாம். அவர்களும் அப்படியே அடித்து அனுப்பிவிட்டார்கள்.

புத்தகப் பெட்டியை மண்டபத்தில்தான் உடைத்தோம். தர்சி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு போனாள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. அச்செழுத்து எனக்கு மெல்ல மெல்ல ஓடும். உங்கள் படத்துக்குக் கீழே விரல் வைத்து வாசித்தேன். நீங்கள் மூன்று போர்களில் படை நடத்தினீர்களாம். காடு வெட்டி ரோட்டுப் போடுவித்தீர்களாம். கடைசி வரி: 'அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.'

வேறு நாளென்றால் வயிறு பிடித்துச் சிரித்திருப்பேன். தர்சி பக்கத்தில் வந்து, "வாட் டஸ் இட் சே, அம்மா?" என்றாள்.

"நல்ல மனுசன் எண்டு போட்டிருக்கு பிள்ளை."

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிளாட் புஷ்ஷில் தன் வீட்டுச் சாமித்தட்டில் வைத்திருக்கிறாள். பிள்ளையில்லாதவரின் வாழ்க்கையை வைத்து, அப்பா என்று தினமும் விளக்கேற்றுகிறாள். நான் என்ன செய்ய?

சரியாக ஒன்று அடிக்கலாம் என்று இருந்து பார்த்தேன். பிறந்த ஊர் தெரியும். என்னைக் கட்டியது தெரியும். நான் இல்லாமல் ஊரை விட்டு வெளிக்கிட்டு இந்த நாடு வந்து சேர நாலு வருசம் ஆனதே, அந்த நாலு வருசம் எங்கே இருந்தீர்கள்? முதுகில் இருந்த அந்தத் தழும்பு யார் தந்தது? கேட்டபோதெல்லாம், "ஜெனரல் மலையேறின கதை சொல்லட்டோ?" என்பீர்கள். நானும் பகிடிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு நாளாவது பகிடியை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா? அந்த ஆளின் பின்னால்தான் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தீர்களா?

இனி யாரைக் கேட்க? கூட வந்தவர் ஒருவரின் பெயர்கூட நீங்கள் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தர்சி வருவாள். அந்தப் புத்தகத்தில் இருப்பது நீங்களல்ல என்று சொல்லப் போகிறேன். அழுவாள், அழட்டும். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசில் எழுதட்டும். வெங்காய வாசனையையும், சிரிக்காமல் நீங்கள் விடும் பகிடியையும் சொல்வேன். அந்த நாலு வருசத்துக்கு நாலு பக்கம் வெறுமையாக விடச் சொல்வேன். அங்கே ஜெனரலை வர விடமாட்டேன். இது சத்தியம்.

ஒன்றும் தெரியவில்லை என்று அச்சிலேறிய
உங்கட மனுசி,
புவனம்