சுவரோரக் களை

மார்ச் 4
சுவரோரம் மறுபடியும் அந்தக் களை. பக்கத்து வீட்டிலிருந்துதான் வருகிறது. பக்கத்து வீடு என்றால் அக்கா வீடு. பல் விளக்கிய கையோடு பதினோரு செடியைப் பிடுங்கி எறிந்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவனுக்கு, வேண்டாததைப் பிடுங்கத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அக்காவிடமே சொல்லலாம். ஆனால் அவள் என்னோடு பேசி இரண்டு வருடமாகிறது. அவள் மகள் கல்யாணப் பத்திரிகையில் ஏழு பிழை. வந்திருந்தவர்கள் முன்னால் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் காட்டினேன். ஏழும் பிழைதான். இதில் என் தப்பு எங்கே வந்தது?

மார்ச் 9
நர்சரியிலிருந்து ஒரு தொட்டிச் செடி. கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. "சாயங்காலம்தான் சார் மணக்கும்" என்றார் நர்சரிக்காரர். கொல்லையில் உட்கார்ந்து புரூஃப் படிக்கும்போது நிஜமாகவே மணந்தது. ரசனை என்று ஒன்று வேண்டுமே! சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 20
பதினாலு களை.

ஏப்ரல் 2
தொட்டிச் செடி பட்டுப்போய்விட்டது. தண்ணீர் அதிகமாம்.

ஏப்ரல் 3
செடி இல்லை. மணம் இருக்கிறது!

"ஏங்க, அது முதல்லேர்ந்தே உங்க அக்கா வீட்டுலேர்ந்துதான் வருது" என்றாள் மனைவி. ஸ்டூல் போட்டு எட்டிப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்கு ஊதா. இலை — தினமும் நான் பிடுங்குகிற அதே இலை. பூக்கும்வரை விட்டிருந்தால்தானே தெரியும்? அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள். இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 5
நேரில் கேட்க வாய் வரவில்லை. மன்னிப்பும் கேட்டு, கொஞ்சம் விதையும் கேட்டு, ஒரு சீட்டு எழுதி மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். நாலு முறை படித்துப் பார்த்தேன். சுத்தமான பிரதி.

ஏப்ரல் 6
சீட்டு திரும்பி வந்தது. 'மண்ணிக்கவும்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம். சிவப்பு மை. முப்பது வருட அனுபவம்!

ஸ்டூலில் ஏறினேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். "மண்ணு கேக்குறியோன்னு நினைச்சேன்." இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

"விதைதான்க்கா கேட்டேன்."

"ரெண்டு வருஷமா உன் பக்கம் தூவிட்டுதானேடா இருக்கேன்? சாயங்காலம் தனியா உக்காந்து படிக்கிறியே, மணக்கட்டுமேன்னு. நீதான் பிடுங்கிப் பிடுங்கி எறியறே."

அழுதுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு.

ஏப்ரல் 19
சுவரோரம் நாலு முளை. திருத்தம் ஏதுமில்லை.