சிந்தியா குடித்த டம்ளர்

அக்டோபர் 28, செவ்வாய்

இரண்டு சுரைக்கொடியும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டன. ஒன்றில் இரண்டு பிஞ்சு, இன்னொன்றில் ஒன்று. போன வருடம் மாடியில் தானாக முளைத்த கொடியின் காயிலிருந்து நானே எடுத்து, சாம்பலில் புரட்டி வைத்த விதை. கடை விதை இல்லை என்பதை லிங்கராஜபுரத்தில் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. தொட்டி கழுவ வந்தவரையும் விடவில்லை.

பெங்களூரு வைட்ஃபீல்ட் ஆபீஸில் கேக் வெட்டி, கைகுலுக்கி, வெளியே அனுப்பி எட்டு மாதம். ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு எவன் வேலை தருவான்? அதனால் மாடி. கீரை, வெள்ளரி, புதினா, தொட்டியில் ஒரு குட்டைப் பப்பாளி. காலை ஆறே முக்காலுக்கு மனைவி சிந்தியா கையில், இதையெல்லாம் பச்சையாக அடித்த ஒரு டம்ளர் ஸ்மூத்தி. அவள் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் முழுதும் குடித்தாக வேண்டும், அது என் சட்டம். நான் குடிப்பதில்லை. எனக்குக் காபி.

"நல்லா இருக்கா?"

"சூப்பருங்க."

எட்டு மாதமாக இதைத் தவிர வேறு சொன்னதில்லை. அவ்வளவு நன்றாகவா செய்கிறேன்? இருக்கலாம்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் அடித்தேன், கண்ணில் பட்டுவிட்டது. எரிச்சல்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் காணிக்கையாகக் கொடுத்தால் ஏலம் விடுவார்கள். பெரிய காய் இரண்டையும் காலையில் பறித்து, துடைத்து, ஏலத்துக்குக் கொடுத்தேன். எங்களோடு சர்ச்சுக்கு வரும் பெட்டி அக்கா யாரையும் வாய் திறக்க விடவில்லை. எதிரே ஆளே இல்லாதபோதும் தானே விலையை ஏற்றிக்கொண்டு போனார். ஏலம் விட்டவருக்கே சிரிப்பு அடங்கவில்லை.

"ஆர்கானிக்குப்பா இது! செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு சுகர் டெஸ்ட் இருக்கு. அது முடியட்டும், புதன்கிழமைல இருந்து தினம் வெறும் வயித்துல சொரக்கா ஜூஸ்தான்" என்றார். அவர் கணவர் தியோடர் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

போதகர் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். ஆபீஸில் இருபது வருடம் இருந்தேன், ஒருத்தன் மைக்கில் என் பெயரைச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மூன்றாவது காய் வீட்டுக்கு. நாளைக் காலை சிந்தியாவுக்கு.

நவம்பர் 10, திங்கள் — ஆஸ்பத்திரி வராந்தா, மதியம்

சும்மா உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எட்டரைக்கு ஸ்கூலிலிருந்து போன். பிரேயர் நடக்கும்போதே வாந்தி. நிற்காத வாந்தி, பேதி. அவள் கூட வேலை செய்யும் கிருத்திகா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் வந்தபோது சிந்தியாவின் உதடு வெளுத்திருந்தது.

டாக்டர் ஷ்ரேயா, சின்னப் பெண், கேட்டார்: "என்ன சாப்ட்டீங்க மேடம்?"

சிந்தியா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "நேத்து சாயங்காலம் கம்மனஹள்ளில பானிபூரி" என்றாள்.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாவா சார்?" என்றார் டாக்டர்.

நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? எனக்குத் தெரியும். மிக்ஸியில் அடித்ததும் ஒரு ஸ்பூன் நாக்கில் வைத்தேன். கசந்தது. சாதாரணக் கசப்பு இல்லை, தொண்டைவரை பிடித்தது. கொட்டியிருக்க வேண்டும். என் சொந்த விதை, என் முதல் காய் — கொட்ட மனசு வரவில்லை. அன்னாசி போட்டேன். நாலு பேரீச்சை போட்டேன். மறுபடி அடித்தேன்.

"லைட்டா கசக்குதுங்க" என்றாள்.

"கசப்பு உடம்புக்கு நல்லது. ஒரே மடக்குல குடி" என்றேன்.

குடித்தாள்.

நவம்பர் 11, செவ்வாய்

காலை பத்து மணிக்கு ரத்த வாந்தி. நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

என்னால் முடியவில்லை. டாக்டர் ஷ்ரேயாவை வராந்தாவில் வழிமறித்துச் சொல்லிவிட்டேன். பானிபூரி இல்ல டாக்டர். சொரக்கா. பச்சையா அடிச்சுக் குடுத்தேன். நான்தான் குடுத்தேன்.

"கஹி இத்தா?" — கசந்ததா என்று கன்னடத்திலேயே கேட்டுவிட்டார். ஆமாம், ரொம்ப என்றேன். எவ்வளவு என்று கேட்டார். முழு டம்ளர்.

"கசந்த சொரக்கா விஷம் சார். வயித்த உள்ள புண்ணாக்கிடும், பிரஷர் கீழ போயிடும். நாங்க ஃபுட் பாய்சன்னு நெனச்சு ட்ரீட் பண்ணிட்டு இருக்கோம். நேத்தே சொல்லியிருக்கணும்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஐசியூவுக்கு மாற்றினார்கள். குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தார்கள். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாதாம். காத்திருக்க வேண்டுமாம்.

கர்த்தரே, அவளை எடுத்துக்கொள்ளாதேயும். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை.

மாலை ஐந்து

பெட்டி அக்கா! அந்த இரண்டு காய்! இப்போதுதான் உறைத்தது, என்ன மனுஷன் நான்?

அக்கா போன் அணைந்து கிடக்கிறது. அண்ணன் போனும்தான். மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. கையெழுத்துக்கு ஆள் வேண்டும், ஐசியூ வாசலை விட்டு நகராதே என்கிறார்கள். கிருத்திகா காலை ஐந்து மணிக்கு வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறாள். அண்ணன் ஆறு மணிக்குமுன் எழுந்திருக்கமாட்டார். எழுந்திருக்கக் கூடாது.

நவம்பர் 12, புதன்

ஐந்தே முக்காலுக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். நைட்டியோடு பெட்டி அக்கா. "சிந்தியாவுக்கு என்னாச்சு?" என்று பதறினார். டெஸ்ட் முடிந்ததும் தங்கச்சி வீட்டுக்குக் கோலார் போய்விட்டு இரவு தாமதமாகத்தான் வந்தார்களாம், சார்ஜரை மறந்துவிட்டார்களாம். சமையலறையில் ஒரு காய் தோல் சீவித் தயாராக இருந்தது. மிக்ஸி ஜார் பக்கத்திலேயே.

விஷயத்தைச் சொன்னேன். தியோடர் அண்ணன் ஒரு துண்டை எடுத்து நுனியைக் கடித்தார். நான் தடுப்பதற்குள் கடித்துவிட்டார்.

"இனிப்பாத்தான்டா இருக்கு."

நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்புதான். ஒரு நொடி — இதை எழுத வெட்கமாக இருக்கிறது — ஒரு நொடி, என் மேல் தப்பில்லையோ என்று நினைத்தேன். பானிபூரியே இருந்துவிடக் கூடாதா என்று. அவள் சாப்பிடாத பானிபூரி!

"இன்னொண்ண வெட்டுங்க அக்கா."

வெட்டினார். நாக்கில் வைத்ததும் துப்பினேன். அதே கசப்பு. ஒரு கொடி நல்லது, ஒரு கொடி கெட்டது. பக்கத்துக் காலி சைட்டில் போன வருடம் கசக்கும் பேய்ச்சுரை படர்ந்து பூத்திருந்தது. தேனீ அங்கும் போயிருக்கும், இங்கும் வந்திருக்கும். விதையில் கலந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே காய்.

"கசந்திருந்தாலும் நான் குடுத்திருப்பேன், டேரில். மருந்துதானேன்னு சொல்லியிருப்பேன்" என்றார் பெட்டி அக்கா. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அண்ணன் தோளைத் தட்டினார், அதில் இன்னும் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

பிரஷர் ஏறுகிறது. ரத்தம் நின்றுவிட்டது. ஸ்தோத்திரம்.

நவம்பர் 15, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கஞ்சி ஊட்டினேன். பாதியில் கையைத் தள்ளினாள்.

"எதுக்குங்க டாக்டர்ட்ட சொன்னீங்க?"

"நீ எதுக்குடி பொய் சொன்ன?"

"ஸ்கூல் முழுக்கப் பேசுவாங்க, உங்களத்தான் சொல்லுவாங்க."

"கசந்துதுல்ல? ஏன் குடிச்ச? கீழ ஊத்த வேண்டியதுதானே?"

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்களின் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த டம்ளர நீட்டுற ஒரு நிமிஷம்தான் உங்க மூஞ்சில உயிரே இருக்குது. மீதி நாள் முழுக்க செவுத்தப் பாக்குறீங்க. எப்படிங்க வேணாங்கிறது?"

பிறகு, "எட்டு மாசமாப் பச்சக் கீர வாசம் எனக்குக் கொமட்டும். தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியாது. கேட்டதே இல்லை. நல்லா இருக்கா என்று கேட்டது கேள்வியே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சர்ச் முடிந்ததும் போதகரிடம் கேட்டு மைக்கில் நானே சொன்னேன்: கசக்கிற சுரைக்காயை யாரும் சாப்பிடாதீர்கள், மருந்து என்று நினைக்காதீர்கள், என் மனைவிக்கு நான் கொடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று கிலோ இளைத்திருக்கிறாள். இரண்டு கொடியையும் பிடுங்கிவிட்டேன், விதை டப்பாவையும் கொட்டிவிட்டேன். நல்ல கொடி எது என்று நினைவில்லை.

நவம்பர் 24, திங்கள்

சிந்தியா இன்று ஸ்கூலுக்குப் போனாள். கேட்டுவிட்டுத்தான் செய்தேன். பப்பாளி, வாழைப்பழம், வேறு ஒன்றும் இல்லை. நான் ஒரு டம்ளர் குடித்து, அரை மணி நேரம் பார்த்த பிறகே அவளுக்குக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"நல்லா இல்லீங்க. தண்ணியா இருக்கு. எனக்குக் காபி போடுங்க."

சுருக்கென்றது. இல்லை என்று பொய் எழுதமாட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். ஊதி ஊதி முழுதும் குடித்தாள், பையை மாட்டிக்கொண்டாள், போனாள்.

மீதியை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். தண்ணியாகத்தான் இருந்தது.