கணேசன் அண்ணையின் உழவு இயந்திரம் ஸ்டார்ட் எடுத்துவிட்டது

எப்போதும் உரக்கவே கதைத்த என் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து, வந்த சனம் எல்லாம் போய்விட்டது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. உங்கள் ஃபோனை மட்டும் இன்னும் சார்ஜில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

நேற்றுக் காலை வேலைக்குப் புறப்படும் நேரம் அது அடித்தது. கிளிநொச்சிக் கணேசன் அண்ணை. நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை, குரல்தான் பழக்கம். கொட்டாஞ்சேனை கராஜில் வேலை செய்த காலத்தில் நீங்கள் திருத்திக் கொடுத்த பழைய உழவு இயந்திரத்தை அவர் இன்னும் வைத்திருக்கிறார். ஓய்வுபெற்ற பிறகு இந்த வெள்ளவத்தை ஃபிளாட்டில் இருந்தபடியே எத்தனை பேருக்கு ஃபோனில் வைத்தியம் பார்த்தீர்கள்! ஃபோனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்வீர்கள். கடற்கரைப் பக்கம் ரயில் வந்தால், அது போய் முடியும்வரை பொறுத்திருந்து கேட்பீர்கள். பக்கத்து வீட்டாருக்கெல்லாம் டீசல் ஃபில்டரைப் பற்றித் தெரிந்துபோனது. எனக்கு வெட்கமாக இருக்கும்.

கடைசி மாதத்தில் கணேசன் அண்ணை கோல் எடுத்தபோது, ஃபோனை உங்கள் கையிலிருந்து பறித்தவள் நான். மனுசன் மூச்சுவிடவே கஷ்டப்படுகிறார், இனி எடுக்க வேண்டாம் என்று அவரை ஏசினேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன்? அதை இனி யாரிடம் கேட்பேன்?

நேற்று அவர் பயந்து பயந்துதான் தொடங்கினார்.

"தங்கச்சி, ஐயாவுக்குச் சுகமெண்டால் மட்டும் குடுங்கோ. மழைக்கு முதல் உழுது விதைக்கோணும். மெசின் மூண்டு நாளா ஸ்டார்ட் எடுக்குதில்லை."

சொல்ல வாய் வரவில்லை, அப்பா. சொன்னால் மனிதர் விதைப்பை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று பட்டது. என்னிடம் சொல்லுங்கோ, பார்ப்போம் என்றேன். பெரிய இவள் மாதிரி, வேறு பற்றரி போட்டுப் பார்க்கச் சொன்னேன். பற்றரி புதிது என்றார். அப்போதுதான் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. புகை வருகிறதா என்று கேட்டேன். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, துளிப் புகையும் இல்லை என்றார். புகை இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இதை எத்தனை தரம் கேட்டு எரிச்சல்பட்டிருப்பேன்.

பிறகு உங்கள் வரிசையிலேயே போனேன். டாங்கியில் டீசல் இருந்தது. ஃபில்டருக்கு மேலுள்ள திருகைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பை அடிக்கச் சொன்னேன். நுரை நுரையாக வருகிறது என்றார். அப்படியென்றால் எங்கேயோ காற்றுப் புகுகிறது. குழாய் மூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த வாசர் வளையம் நசிந்துபோயிருந்தது. பழைய சாமான்களுக்குள் கிண்டி இன்னொன்றை எடுத்துப் போட்டு, நுரை நிற்கும்வரை மறுபடி பம்ப் அடித்தார். நான் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரோடேயே நின்றேன்.

ஸ்டார்ட் எடுத்தது. அந்தச் சத்தத்தை ஃபோனில் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயாட்டச் சொல்லுங்கோ தங்கச்சி, மெசின் ஸ்டார்ட் எடுத்திட்டுது எண்டு."

இனியும் மறைக்க முடியவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றுபோனது. திரும்பவும் கோளாறோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. நான்தான் நிப்பாட்டினனான். ஐயாவுக்காக."

மூன்று நாள் மல்லுக்கட்டிய இயந்திரம், அப்பா. மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்று அவரே சற்றுமுன் சொல்லியிருந்தார். அங்கே அவரும் இங்கே நானும் பேசாமல் நின்றோம். பிறகு அவர் எஞ்சின் திறப்பைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

உங்களிடம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். இனி இந்த ஃபோனுக்கு யார் எடுத்தாலும் ஏசமாட்டேன், அப்பா.

உங்கள் மூத்த மகள்,
சுமதி