ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்

அன்பு மகள் ஸல்காவுக்கு நம் பாலைவனத்து ஆத்தாரிலிருந்து உம்மா எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் தூத்து சாச்சியும், ஒரு கிடாயைத் தவிர ஆடுகளும் சுகம், அந்தக் கிடாய்க் கதை கீழே வருகிறது. நீயும் லியோனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், குளிரில் காலுறை போடாமல் நடக்காதே.

ஹமூது தலாக் சொல்லிட்டான், யாருகிட்டயும் சொல்லாத உம்மா என்று நீ போனில் அழுதாயே, அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன், நானா இப்படி என்று எனக்கே ஆச்சரியம். போன வியாழன் நீ காத்திருக்க வேண்டிய இத்தா நாட்கள் முடிந்ததும் அதற்குமேல் முடியவில்லை மகளே, சாச்சி காதில் மட்டும் போட்டேன். அவள் நேரே வாசலுக்குப் போய் நின்று, தலாக்கான பெண்ணுக்கு நம் ஊர் வழக்கப்படி மூன்று குலவை விட்டாள், அவ்வளவுதான், அஸர் தொழுகைக்குள் முற்றம் கொள்ளாத கூட்டம், மேளம், பாட்டு, கிடாயும் போச்சு. நீ இல்லாத குறைக்கு உனக்கென்று நான் சாயம் போட்ட நீல மெல்ஃபாச் சேலையை மடித்து நடுப்பாயில் வைத்து அதைச் சுற்றி ஆடினார்கள். ஒட்டகத்த விட்டவன் கயிற வச்சு என்ன பண்ணுவான் என்று ஹமூதைப் பாட்டிலேயே கிழித்தார்கள். கேள், அவனுடைய சொந்த அக்காவே சர்க்கரைக் கட்டியோடு வந்து, தங்கமான பொண்ண விட்டுட்டான் மடப்பய என்று சொல்லிவிட்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்! நீ தனியாக ஒரு அறை பிடித்து ரொட்டிக்கடையில் வேலைக்குப் போகிறாய் என்றும் சொன்னேன், தலாக்குக்கு விட்டதைவிட அதற்கு விட்ட குலவைதான் பெரிசு.

கோபப்படாதே. தலாக் எனக்கு வலிக்கவில்லை, நானே மூன்று பார்த்தவள். கடையில் கேட்டால் புருஷன் வெளியூரில் என்று சொல்வதாகவும் மோதிரத்தை இன்னும் கழற்றவில்லை என்றும் சொன்னாயே, அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. என் மகள் என்ன திருடினாளா, தலையைக் குனிந்துகொண்டு ரொட்டி விற்க? இரண்டாவது மனுஷன் விட்டபோது நானும் அழுதேன், அழுதுகொண்டேதான் துணியைச் சாயத்தில் முக்கினேன், சாயம் நன்றாகத்தான் பிடித்தது. இன்று சந்தையில் என் கடையில் நாலு பெண்கள், நாலு பேருக்கும் மேளம் அடித்தாகிவிட்டது, அவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரன் கணக்குத் தப்புகிறான்.

ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன், உனக்கு அங்கே பிடித்திருந்தால் அங்கேயே இரு. அந்த மெல்ஃபாவையும், அன்று எல்லோர் கைக்கும் வைத்த மருதாணியில் உன் பங்குப் பொடியையும் இதோடு அனுப்புகிறேன். வெந்நீரில் குழைத்து இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, நன்றாகச் சிவந்ததும் வேலைக்குப் போ, என்ன விசேஷம் என்று கேட்டால் உள்ளதைச் சொல். அல்லாஹ் உன் கைக்கு வேலையும் முகத்துக்குச் சிரிப்பும் குறையாமல் தருவானாக. ஒன்றை மட்டும் மறக்காதே, மருதாணி வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் அந்த விரலில் மட்டும் சிவக்காது.

இப்படிக்கு,
மூன்று முறை குலவை வாங்கிய உன் உம்மா
ஸைனபு