மேல்வாய் மூடும் மாதம்

15-7-1985, திங்கள்

இன்று பிரசவ வார்டில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காரிமங்கலத்துப் பெண்ணின் குழந்தைக்கு மேல்வாய் பிளந்திருக்கிறது. குடித்த பால் மூக்கு வழியாக வருகிறது. "கிரகணத்தன்னிக்கு ராத்திரி வூட்டுக்குள்ளயே கெடன்னு சொன்னனுங்க. கேக்காம வாசல்ல போயி நின்னா" என்று மாமியார் காலையிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"கிரகணம் வந்தப்ப ஏழு மாசமுங்க. மேல்வாய் ரெண்டு பக்கமிருந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டறது மூணாம் மாசத்துலயே முடிஞ்சிரும்" என்றேன். நர்சிங் படிக்கும்போது கருவின் படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தது. இரண்டு கைகளையும் சேர்த்துக்கூடக் காட்டினேன்.

மாமியார் விரல் மடக்கிப் பார்த்தாள்.

"மூணாம் மாசம்னா மார்கழி. இவங்கப்பன் செத்த மாசமுங்க. சோறு தண்ணியில்லாம அழுதுட்டே கெடந்தா. வேண்டாண்டின்னு அப்பவே சொன்னேன்."

"அதனாலயும் இல்லீங்க. எதனாலன்னு டாக்டருக்கே தெரியாது" என்றேன். அவள் அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போய் மார்கழிக் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பெண் அதுவரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்தானையைக் கீழே விட்டாள்.

"அப்பாவுக்கு அழுதிருக்கக் கூடாதுங்களா சிஸ்டர்?"

இல்லையம்மா என்றேன். அவள் தலையாட்டினாள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடைச் சங்கால் ஊட்டினாள். மூக்கில் பால் வந்தது. துடைத்தாள்.

இப்போது எனக்கு எரிச்சல்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

டியூட்டி முடிந்து நான் கிளம்பும்வரை அவள் அழவேயில்லை.