தானா போயிடும் என்ற காய்ச்சல்

நேற்று சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த என் மகள் கயல், ஆய்வகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். கோட்டிலிருந்து கிருமி வளர்க்கக் காய்ச்சும் அகாரின் வாசனை வந்தது. கஞ்சி அடிப்பிடித்தது போன்ற அதே வாசனை. நாம் இருவரும் ஒன்றாகப் படித்த மைக்ரோபயாலஜியையேதான் அவளும் படிக்கிறாள். எப்படிச் சம்மதித்தாய் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

முதல் வருஷம் நாம் விரலை அகார் தட்டில் பதித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தோமே, மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாகக் கிருமி. அன்றைக்கு மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. செஞ்சி பஸ்ஸில் கம்பியைத் துப்பட்டாவைச் சுற்றித்தான் பிடித்தேன், இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நீயோ என் சோற்றையும் சேர்த்துக் காலி செய்தாய். "இத்தினி நாளா இதோடதானடி சாப்ட்டோம்? இப்ப பேரு தெரிஞ்சிடுச்சி, அவ்ளோதான்" என்றாய். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஊரே வாய்வைத்த சொம்பில் நீ தண்ணீர் குடித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒரே வகுப்பு, ஒரே பாடம். நான் பயந்தாங்கொள்ளியாகவும் நீ பயமே விட்டுப்போனவளாகவும் எப்படி ஆனோம்?

நீ பயந்தது ஒன்றுக்குத்தான், ஆன்டிபயாடிக்குக்கு. வேண்டாத மாத்திரை தின்றால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது என்று படித்த நாளிலிருந்து தெருவுக்கே உபதேசம். உன் நைனா மெடிக்கலில் வாங்கிவந்த மாத்திரையைக்கூடப் பிடுங்கி ஒளித்துவைத்தாய்.

செய்முறைக்கு மண் எடுக்கச் செஞ்சிக் கோட்டை மலை அடிவாரத்துக்குப் போனோம். புதரோரம் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றோம். கொஞ்ச நாளில் உனக்குக் காய்ச்சல். நைனா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "வைரல்தான் நைனா. போனா சும்மா ஆன்டிபயாடிக் எழுதுவாங்க. தானா போயிடும்." படித்த பிள்ளை சொல்கிறது என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். காய்ச்சல் விடாமல் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது உனக்கு மூச்சு வாங்கியது. முழங்காலுக்குப் பின்னால், சூடு வைத்த மாதிரி சின்னதாக ஒரு கறுப்புப் பொருக்கு. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வரும் காய்ச்சல் என்றார் டாக்டர். அதற்கு ஆன்டிபயாடிக்தான் மருந்தாம். "முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீ சொன்னது தப்பா? புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. சரி என்றால், நீ எங்கே? அதே புதரோரம் நானும்தான் உட்கார்ந்தேன். என்னை ஏன் கடிக்கவில்லை? கை கழுவுவதற்கும் அந்தப் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்றுவரை கழுவிக்கொண்டே இருக்கிறேன். உன்மேல் கோபமும் இருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் உன்மேல்.

நேற்று கயலின் நெற்றியைத் தொட்டேன், சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றேன்.

"வைரல்தாம்மா. சும்மா ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. தானா போயிடும்."

கெஞ்சினேன், திட்டினேன். "மாத்திரை வேணாம்னா போவுது, ரத்தம் மட்டும் குடுத்துட்டு வந்துடலாம்டி" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

இன்று ரிசல்ட் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வைரல்தான் என்றார் டாக்டர். ஆன்டிபயாடிக்கும் எழுதவில்லை. கயல் சிரித்தாள். "நான்தான் சொன்னேன்ல? இன்னாத்துக்கும்மா இவ்ளோ டென்ஷன்?"

சொன்னாள்தான். நீயும்தான் சொன்னாய்.

கஞ்சி குடித்துவிட்டு இப்போது தூங்குகிறாள். போர்வையை விலக்கி முழங்காலுக்குப் பின்னால் பார்த்தேன். ஒன்றுமில்லை. இதை எழுதும்போதே நடுவில் எழுந்துபோய் இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு வந்தேன்.