எடை ஏறாத துண்டு

மார்ச் 4
ஆயிரம் டிகிரி உலையில் கிடந்து வந்தும் இரும்பு-நிக்கல் துண்டின் எடை ஏறவில்லை. சூட்டில் துருவேறினால் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக் கனக்க வேண்டும். கனக்கவில்லை என்பதால் ஆய்வகத் தலைவருக்கு வாயெல்லாம் பல். தொழிற்சாலை உலையில் கூடை தூக்கும் கொக்கிகள் இதே உலோகம்தான். சோதனை முடியுமுன்பே மாட்டிவிட்டார்கள். இவருக்கு — என் வீட்டுக்காரருக்கு — வேலை அந்த உலையில்.

மார்ச் 6
துண்டை வைத்துச் சுட்ட கிண்ணத்தின் அடியில் கறுப்புச் செதில்கள். ஆறும்போது மேல்தோல் உதிர்ந்திருக்கிறது. ஏறிய எடையும் உதிர்ந்த எடையும் சரிக்குச் சரி. நன்றாக ஏமாந்தோம்.

மார்ச் 7
துண்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். வெளியே நல்ல உலோகம். உள்ளே, இடுக்கு இடுக்காகக் கறுப்பு இறங்கியிருக்கிறது. கறையான் தின்ற கதவு மாதிரி. பாரம் தாங்காது.

தலைவரிடம் காட்டினேன். "ஒரு துண்டை வச்சு உலையை நிறுத்தச் சொல்ல முடியுமாம்மா? இன்னொண்ணு சுட்டுப் பாரு. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத."

தலையாட்டிவிட்டு வந்தேன். என் வேலையை ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பவர் அவர்.

மார்ச் 8
இவரிடம் சொல்லலாமா? ஓட்டை வாய். விடிவதற்குள் தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிடும்.

"எனக்கு முடியல. நாலு நாள் வீட்ல இருங்களேன்" என்றேன்.

"உனக்கு முடியலன்னா எனக்கு எவன் லீவு தருவான்? எனக்கே காய்ச்சல்னு சொல்லிடறேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். ச்சே.

மார்ச் 9
இரண்டாவது துண்டிலும் அதே கறுப்பு. தலைவர் கூட்டத்தில் இருந்தார். கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

மார்ச் 10
கொக்கி முறிந்துவிட்டது. கூடை செக்கச்செவேலென்று அப்படியே கீழே. இவருக்குப் பதிலாக நின்றது பாட்டுக்காரன் — இவர் கூட்டாளி, எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே உயிர் போய்விட்டது.

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். ஏன் வீட்டில் இருக்கச் சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கக் கூடாதா? என் புருஷன் தப்பிச்சாச்சு. அதானடி வேணும்னு நெனச்ச? நடந்துருச்சுல்ல?

மார்ச் 12
தலைவர் கூப்பிட்டார். "அறுத்த துண்டைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?"

இல்லை என்றேன். பொய்யில்லை.

மார்ச் 13
இருவரும் பாட்டுக்காரன் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது குரலே இல்லை.

"அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாக்கா?"

இவர் என்னைப் பார்த்தார்.

"விட்டுருச்சும்மா" என்றேன்.